உஷார்! நீங்கள் நனையாத மழைதான் ஆளை அடிக்கும்

புளியஞ்சோலையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ‘இன்றைக்கு மழையே இல்லை, நடந்துவிடலாம்’ என்று கொல்லிமலைக்குப் பையைத் தோளில் மாட்டுகிறீர்களா? ஒரு நிமிஷம். ஆற்றைப் பார்த்தது போதும், தலையை நிமிர்த்தி மலையைப் பாருங்கள். மேலே கருமேகம் கவிந்திருந்தால், அந்தக் கணுக்கால் தண்ணீர் இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் கணுக்கால் தண்ணீராக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, அதனால்தான் இந்தக் கூச்சல். ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் அலைமோதும், ஆற்று மீனுக்குப் பொரி போட வரிசை நிற்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறிப் போகிறவர்கள் ஒரு பக்கம். துறையூர், உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து புளியஞ்சோலைக்கு வந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தே மேலே ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் பலருக்குத் தாத்தா காலத்துப் பழக்கம். வேண்டுதல் இருக்கும். கைக்குழந்தை இருக்கும். செருப்பு இருக்காது. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் எழுதுகிறேன். முதல் கூட்டமும் படிக்கலாம், காரணம் பின்னால் வரும்.

இந்த மலையின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொல்லிமலைக்கு ஒற்றைச் சிகரம் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், அகலமாகப் பரந்து கிடக்கிற மேட்டு நிலம் அது. அதன்மேல் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, அரியூர் நாடு என்று 14 நாடுகள். வயல், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், காப்பித் தோட்டம், பலா, இடையிடையே ஊர்கள். இத்தனை பரப்பில் விழுகிற மழையில் மண் குடித்தது போக மிச்சமெல்லாம் ஏதாவது ஒரு ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கியாக வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடும் அய்யாறு ஆகாய கங்கையில் ஏறத்தாழ 300 அடி விழுந்து, பள்ளத்தாக்கு வழியாகப் புளியஞ்சோலைக்கு வருகிறது. அதாவது நீங்கள் ஏறப்போகிற பள்ளத்தாக்கும் வெள்ளம் இறங்கி வருகிற பள்ளத்தாக்கும் ஒன்றேதான். ஆள் ஏறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். தண்ணீருக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

மலைமேல் செம்மேட்டில் ஒரு டீக்கடையில், திண்ணனூர் நாட்டுப் பெரியவர் ஒருவரிடம் ‘மழை வருமாங்க?’ என்று கேட்டேன். பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தவர் வானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வருமான்னு கேக்காதீங்க சாமி, எங்க பேஞ்சுச்சுன்னு கேளுங்க” என்றார். அந்தப் பக்க நாட்டில் கொட்டியிருந்தால் இந்தப் பக்க ஓடையைத் தாண்ட மாட்டார்களாம். அவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. சமவெளியிலிருந்து வருகிற நமக்கு அந்தக் கேள்வியே தோன்றுவதில்லை.

ஆடி மாதத்தில் அவ்வளவு மழை ஏது என்று நீங்கள் கேட்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டுத்தான் நாமக்கல் பக்கம் வருகிறது என்பது உண்மை. ஆனால் இங்கே பெய்வது பெரும்பாலும் வெப்பச் சலன மழை. காலையில் வெயில் மண்ணைச் சூடாக்கும், சூடான காற்று மலைச்சரிவில் ஏறும், மத்தியானத்துக்குமேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு ஊற்றும். ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் துளி விழாது. ‘நாமக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று வானிலை மையம் சொன்னால் அதை அலட்சியமாகத் தாண்டிப் போகிறோம். அந்த ‘ஓரிரு இடங்கள்’ உங்கள் ஓடையின் தலைமாடாக இருந்துவிட்டால்?

இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்குச் சதுரகிரியை ஞாபகப்படுத்துகிறேன். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிச் சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்க மலையேறியிருந்த கூட்டம். திடீர் மழை, காட்டாற்று வெள்ளம். ஓடையைத் தாண்டும் இடங்களில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள், உயிர்கள் போயின. நடுக்கோடை அது, யாரும் வெள்ளத்தை எதிர்பார்க்கிற மாதமே இல்லை. அதன்பிறகு பல வருஷங்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும்தான் மலையேற அனுமதி, அதிலும் மழை என்றால் அதுவும் ரத்து என்று ஆயிற்று. அடுத்தது 2024 மே 17, பழைய குற்றாலம். குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது சில நொடிகளில் வெள்ளம் பாய்ந்தது, 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அன்றைக்கு எடுத்த வீடியோவை உங்களில் பலர் போனில் பார்த்திருப்பீர்கள். ஜனங்கள் ஓடுவதும் பின்னாலேயே தண்ணீர் துரத்துவதும் அதில் தெரியும். வடக்கே அமர்நாத்தில் 2022 ஜூலை 8 மாலை, குகைக்குப் பக்கத்திலேயே வெள்ளம் கூடாரங்களை வாரிப்போனதில் 15 பேருக்குமேல் மாண்டார்கள். வைஷ்ணவ தேவி நடைபாதையில் 2025 ஆகஸ்ட் 26 அன்று மழையில் சரிந்த மண் 30 பேருக்குமேல் பலிவாங்கியது. குற்றாலம் நீங்கலாக எல்லாரும் சாமி கும்பிடப் போனவர்கள்தான். யாருடைய பக்தியிலும் குறை இருந்திருக்காது.

சரி, நடந்துகொண்டிருக்கும்போது வெள்ளம் வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? கொஞ்சம் முடியும். கவனிக்க வேண்டியது தண்ணீரின் அளவு இல்லை, அதன் முகம். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால் உஷார். காய்ந்த சருகும் சுள்ளியும் நுரையும் திடீரென்று மிதந்து வந்தால் உஷார். கரையில் கிடந்த சருகைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறது என்றுதான் அர்த்தம், அப்படியானால் மேலே மட்டம் ஏறிவிட்டது. ஈர மண் வாசனை எழும்பும். லாரி ஏற்றத்தில் முனகுகிற மாதிரி ஒரு உறுமல் கேட்கும், கூடவே கல் உருளும் சத்தம். அதற்குமேல் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. இன்னொன்று, இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று குறைந்தால் ‘நல்லதாப் போச்சு’ என்று இறங்கிவிடாதீர்கள். மேலே மரமோ மண்ணோ விழுந்து அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும்.

இதில் எது தெரிந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பையைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேடு ஏறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். செருப்பு, செல்போன், பூஜைக் கூடை எதையும் திரும்பிப்போய் எடுக்க வேண்டாம்.

ஓடையைத் தாண்டும் விஷயத்தில்தான் நம் ஜனங்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். முழங்கால் தண்ணீர்தானே என்பார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாற வைத்துவிடும், இரண்டடி என்றால் காரையே நகர்த்திவிடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். நேற்று தாண்டிய அதே ஆழத்தை இன்றைக்கு ஏன் தாண்ட முடியவில்லை என்பதற்கு இதுதான் காரணம். இதற்குமேல் காலுக்கடியில் பாசி பிடித்த பாறை, கலங்கல் தண்ணீரில் தெரியாத குழி. குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு இறங்குகிற அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். தோளில் பாரம் ஏறியதும் நிலை தப்புவது இன்னும் சுலபம், விழுந்தால் முதலில் போவது குழந்தைதான். கை கோத்து வரிசையாக இறங்குவதும் பாதுகாப்பு இல்லை. ஒருத்தர் வழுக்கினால் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார். நனைந்த புடவையும் வேட்டியும் காலைச் சுற்றும். முடிச்சுப் போட்டுக் கட்டிய மூட்டையை முதுகில் இருந்து கழற்றக்கூட முடியாது.

தண்ணீர் கலங்கி வேகமாக ஓடினால், ஆழம் குறைவாக இருந்தாலும் தாண்டாதீர்கள். காத்திருங்கள். இடிமழை வெள்ளம் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கியும் விடும், சில மணி நேரத்தில் வழி கிடைக்கலாம். கிடைக்கவில்லையா, நின்ற கரையிலேயே மேடான இடத்தில் இரவு இருந்துவிடுங்கள். பசியோடு ஒரு ராத்திரி கொசுக்கடியில் உட்கார்ந்ததால் யாரும் செத்ததில்லை.

இடியைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். மாசி பெரியண்ணசாமி கோயில் இருக்கிற மாதிரியான குன்று உச்சிகளில் அந்த நேரம் நிற்கவே கூடாது. அங்கே உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது. கையில் வேலோ சூலமோ இருந்தால் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பாறை இடுக்கின் வாயில் நிற்பதும் ஆபத்து. பதினைந்து பேர் ஒரே தார்ப்பாயின்கீழ் ஒட்டி நிற்பது அதைவிட மோசம். இடைவெளி விட்டு, சரிவில் தாழ்வான இடமாகப் பார்த்து, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். ஆனால் அந்தத் தாழ்வான இடம் ஓடைக்குழியாக இருந்துவிடக் கூடாது.

குளிர் என்று சொன்னால் நாமக்கல்காரர்களும் திருச்சிக்காரர்களும் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் கீழே இருப்பதைவிட ஆறு டிகிரி குறையும். அதில் நனைந்த பருத்தித் துணி, வேர்த்த உடம்பு, மலைக் காற்று, விரதத்தில் காய்ந்த வயிறு எல்லாம் சேர்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். முதலில் பல் கிட்டும். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். ‘சாமி வந்திருக்கு’ என்று நினைத்துவிட வேண்டாம், அது குளிர் ஏறிய அடையாளம். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தம் இல்லை, நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம். ஈரத்துணியை அவிழ்த்துக் காய்ந்த துணி சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரை தூக்கலாகச் சூடாக ஏதாவது கொடுங்கள். ‘கொஞ்சம் ஊத்திக்கிட்டா சூடு ஏறும்’ என்று பாட்டிலைத் திறக்கும் மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாராயம் தோலைச் சூடாக்கும், உடம்பின் உள்சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும். அந்த மாமாவைக் கூட்டத்திலிருந்து ஓரம் கட்டுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. ஆளுக்கு ஒரு செட் காய்ந்த துணி, இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில். அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்தவரை பத்துப் பேரில் ஒருவர்கூட அதை எடுத்துவருவதில்லை, சுண்டல் டப்பா மட்டும் நாலு இருக்கும்.

வண்டியில் வருகிறவர்களுக்கான பகுதி இது. மேலே வந்ததும் ஆகாய கங்கை. ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் செங்குத்தாக இறங்கி, குளித்துவிட்டு அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். நீர்வரத்து அதிகமானால் வனத்துறை குளிக்கத் தடை போடும். அப்போது கேட்டில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்க்க வேண்டுமே! ‘அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம்தான் சார்!’ அந்த ஐந்து நிமிஷத்தில் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீரோடு என்ன வரும் என்று நிற்கிற கார்டுக்குத் தெரியும். கல் வரும், மரக்கட்டை வரும். ஈரப் படியில் கூட்டமாக இறங்கும்போது முன்னால் போகிறவர் வழுக்கினால் வரிசையே சரியும். நெஞ்சுவலி, மூட்டுவலி, சர்க்கரை இருப்பவர்கள் மழை நாளில் அந்தப் படிகளைத் தொடாமல் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். மலைப்பாதையிலும் மழை நாளில் மண் சரியும், பாறை உருண்டு ரோட்டில் விழும். வளைவில் வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கும் ஆசாமிகள் தலைக்குமேல் இருக்கும் சரிவைப் பார்ப்பதே இல்லை.

நடைக்காரர்களிடம் திரும்புகிறேன். நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். மழை மத்தியானத்துக்குமேல் வருகிறது என்றால், மத்தியானத்துக்குமுன் மேலே இருக்க வேண்டும். விடியும்போது புளியஞ்சோலையில் கால் வைக்க வேண்டும். பதினொரு மணிக்கு வேன் வந்து இறங்கி, சாப்பாடு முடித்து, மேளம் அடித்து, ஒரு மணிக்கு ஏற ஆரம்பிக்கிற கூட்டங்கள் இருக்கின்றன. அவர்கள் சரியாக இடி நேரத்தில் ஓடைகளுக்கு நடுவே இருப்பார்கள். அன்றைக்கே இறங்கிவிட வேண்டும் என்ற திட்டம் அதைவிட ஆபத்து. களைத்த கால், ஈரப் பாறை, மங்கிய வெளிச்சம். வழுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். கொல்லிமலைக் காட்டில் கரடி உண்டு என்பதையும் இருட்டில் நடக்கிறவர்கள் மறக்க வேண்டாம். மேலே தங்குங்கள், மறுநாள் காலையில் இறங்குங்கள், அல்லது பஸ்ஸில் இறங்குங்கள்.

குழு நடத்துகிற குருசாமிகளுக்கும் அன்னதானக்காரர்களுக்கும்: கிளம்பும்போதும் ஒவ்வொரு ஓடையைத் தாண்டியதும் தலை எண்ணுங்கள். வேகமாக நடக்கிற இளவட்டங்களை முன்னால் விட்டுவிட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் பின்னால் தனியாக வரவிடாதீர்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே எத்தனை பேர் போகிறோம், எப்போது மேலே சேருவோம் என்று கீழே ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஏறுங்கள். கடைசி முடிவு ‘திரும்பலாம்’ என்றால் அதைச் சொல்லவேண்டிய வாய் உங்களுடையது. ஏனென்றால் கூட்டத்தில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நேர்ந்துகொண்டு வந்தவரிடம் ‘பாதியில் திரும்பினால் தெய்வக் குத்தம்’ என்று ஒருவர் சொன்னால் போதும், மீதிப் பேர் வாயடைத்துப் போவார்கள். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாதியில் நிறுத்துவது தெய்வக் குத்தம் என்றால் திருவண்ணாமலையை என்ன சொல்வது? 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் புதைந்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் கார்த்திகை தீபம். மலையின் மண் இளகிக் கிடக்கிறது என்று வல்லுநர்கள் சொன்னதால் பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு தடை. கொப்பரையும் நெய்யும் கொண்டு போக வேண்டிய ஆட்கள் மட்டும் ஏறினார்கள். லட்சக்கணக்கான ஜனம் கீழேயே நின்று தீபத்தைப் பார்த்தது. கார்த்திகை தீபத்துக்கே அது பொருந்தும் என்றால் நம் ஆடி நடைக்கும் பொருந்தும்.

முந்தின நாள் இரவும் கிளம்புகிற காலையிலும் சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது, உங்களை அடிக்கப்போகும் மழை நாமக்கல் மாவட்டத்தில் பெய்யும், ஆகவே இரண்டு மாவட்டத்துக்கும் பாருங்கள். அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியும் மின்னலுக்கான ‘தாமினி’ செயலியும் இலவசம். மேலே உறவுக்காரர், தெரிந்தவர் இருந்தால் ஒரு போன் போட்டு, ‘நேத்து ராத்திரி அங்க மழையா?’ என்று கேளுங்கள், எந்தச் செயலியைவிடவும் அது உருப்படியான தகவல். ஆரஞ்சு எச்சரிக்கையோ சிவப்பு எச்சரிக்கையோ வந்துவிட்டால் நடைப் பயணத்தை அன்றைக்கு ரத்து செய்யுங்கள். வனத்துறையும் போலீசும் தடுத்தால் சுற்றுவழி தேடாதீர்கள்.

ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, கூட்டத்தில் போன் இல்லாத பாட்டியின் சுருக்குப் பையிலும் ஒன்று போட்டுவிடுங்கள்.